பொகோட்டாக் குருவி

“இந்தக் குருவிக்கு நல்ல தொண்டை, பிள்ளை. றேடியோக்காரன் அந்தக் கத்துக் கத்துறான், இது தன்ர பாட்டுக்குக் கீச்சிடுது. பொகோட்டாக் குருவியெண்டால் சும்மாவோ!”

பஸ்தியாம்பிள்ளை சொல்லிவிட்டு அபிதாவின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. அவர் விட்ட பகிடிக்குச் சிரிப்பு வராவிட்டால் அபிதாவுக்கு ஏதோ பிடிபடப் போகிறதென்று அர்த்தம். இல்லாவிட்டால் பகிடி மோசம். இரண்டாவது காரணத்தை அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

கோப்பன்ஹேகனுக்கு வெளியே, டோஸ்ட்ருப் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், தமிழ்க் கடையொன்றுக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் அவர்களுடைய துப்பறியும் அலுவலகம். கீழே கருவாட்டுப் பெட்டி பிரித்தால் மேலே வந்திருப்பவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். அபிதா எட்டு வருடம் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் பொய்யர்களைச் சம்பளத்துக்குப் பிடித்தவள். இப்போது சொந்தத்தில் பிடிக்கிறாள். பஸ்தியாம்பிள்ளை முதுகு விடும்வரை கோப்பன்ஹேகனில் பஸ் ஓட்டியவர். அதற்கும் முன்னால், டென்மார்க் வந்துசேர வழி கிடைக்காமல், ஸ்பெயினின் தெற்கில் தக்காளித் தோட்டங்களில் கிடந்தவர். அந்த ஸ்பானிஷ் இந்த வழக்குக்கு உதவுமென்று அபிதா நம்பினாள்.

“என்ர ஸ்பானிஷ் தக்காளி ஸ்பானிஷ், பிள்ளை. பழுத்திட்டுது, பழுக்கேல்லை, பெட்டியைத் தூக்கு. அதுக்கு மேல கேக்காதை” என்று அவர் முதலிலேயே கையை விரித்துவிட்டார்.

வழக்கைக் கொண்டுவந்தவர் சபாரத்தினம். தொழிற்சாலையொன்றில் மெஷின் பொருத்துகிற வேலை பார்த்து ஓய்வெடுத்த மனிதர். நேற்று மழைக்குள் வந்து, நனைந்த ஜாக்கெட்டைக் கழற்றாமலே கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். ஒரே மகள் மிதுஷா. நாட்டின் மேற்கே, கடற்பாலத்துக்கு அப்பால் யூலண்டில், பிராண்டே என்ற ஊரின் காற்றாலைக் கொம்பனியொன்றில் எஞ்சினியர். போன ஐப்பசியில் வேலைக்காகக் கொலம்பியாவுக்குப் போனவள். பொகோட்டா, மெடயின், பறங்கியா என்று பெரிய நகரங்களாக மாறி மாறி இருந்தாள். எந்த நகரமானாலும் விடிய எழும்பிக் குசினி றேடியோவைப் போட்டுவிட்டு, தேத்தண்ணி வைத்தபடி வீட்டுக் குறூப்புக்கு ஒரு குரல் செய்தி அனுப்புவாள். அந்த நாட்டில் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் றேடியோக்காரர்கள் தேசிய கீதம் போட்டே ஆகவேண்டுமாம். மகளின் குரலுக்குப் பின்னால் அந்தக் கீதம் கேட்கும். இங்கே அப்போது மத்தியானம். சபாரத்தினம் அதைக் கேட்டுவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார்.

இப்போது பத்து நாளாகச் செய்தி இல்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. பொலிஸ், வளர்ந்த பெண் தன்பாட்டில் இருக்கலாம் என்றது. கொம்பனி, ஆட்களின் விபரம் காக்கிற ஜீடிபிஆர் சட்டம் என்று வாயை மூடிக்கொண்டது.

“அவள் இருக்கிறாளோ இல்லையோ? அதை மட்டும் கண்டுபிடிச்சுத் தா, பிள்ளை” என்றார் போகும்போது. “வேற ஒண்டும் வேண்டாம்.”

அந்த ‘வேற ஒண்டும் வேண்டாம்’ பஸ்தியாம்பிள்ளையின் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது. பயம் வந்தால் அவருக்குப் பகிடி வரும். நேற்றுப் பின்னேரத்திலிருந்து அவர் வாய் ஓயவில்லை.

“இதைக் கேளுங்கோ அண்ணை. இது கார்த்திகையில வந்தது.” அபிதா செய்தியைத் தட்டினாள்.

வாத்தியங்கள் முழங்க ஒரு கீதம். கேத்தல் இரைகிற சத்தம். அதற்கு மேலே உற்சாகமான ஒரு பெண் குரல். “அப்பா, எழும்பியாச்சு! இஞ்ச ஒரே மழை. நீங்கள் சாப்பிட்டீங்களோ?”

“இது இந்தச் சித்திரையில. வந்ததில கடைசிக்கு முதல்.”

அதே கீதம் முடிகிற இடம். கீச்சென்று குருவி. குரல் நடுவிலிருந்து தொடங்கியது. “...இண்டைக்கு சைற்றுக்குப் போகேல்லை. கொஞ்சம் தடிமன், மூக்கடைப்பு. யோசிக்காதேங்கோ.” பின்னால் றேடியோவில் சின்னப் பிள்ளைகள் கூட்டமாக ஏதோ பாடினார்கள்.

“தடிமன் குரல்தான். என்ன பிழை?”

“அண்ணை, பங்குனிக் கடைசியில நாங்கள் மணிக்கூட்டை மாத்தினனாங்கள் எல்லோ?”

“ஓம். ஒரு மணித்தியால நித்திரையைக் களவெடுத்தவங்கள். நான் அண்டைக்குப் பூசைக்குப் போய்ச் சேர, சுவாமியார் ஆசீர்வாதம் குடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறார்.”

“கொலம்பியாவில மாத்துறேல்லை.”

பஸ்தியாம்பிள்ளை விழித்தார்.

“குளிர் காலத்தில அங்க காலமை ஆறு எண்டால் இஞ்ச பன்னிரண்டு” என்றாள் அபிதா. “மணிக்கூடு மாத்தினபிறகு அங்க ஆறு எண்டால் இஞ்ச ஒண்டு. அப்ப சித்திரையில அந்தக் கீதம் ஒரு மணிக்கு எல்லோ வரோணும்? பழையபடி பன்னிரண்டுக்கே வந்திருக்கு. எல்லா நாளும்.”

“அங்க அஞ்சு மணிக்கு ஆறு மணிப் பாட்டோ?”

“ஒரு நாடு முழுக்க அப்பிடிப் பிழை விட்டிருந்தால் பேப்பரில வந்திருக்கும், அண்ணை. இது நேர கேட்ட றேடியோ இல்லை. பதிஞ்சு வைச்சது. இந்த மெசேஜை அனுப்பின ஆள் டென்மார்க் மணிக்கூட்டைப் பாத்து அனுப்பியிருக்கு.”

“திருப்பிப் போடு பிள்ளை. அந்தச் சின்னனுகள் பாடுற இடத்தை.”

அவள் போட்டாள். பஸ்தியாம்பிள்ளை காதைப் போனுக்குக் கிட்டக் கொண்டுபோனார். பிள்ளைகளின் பாட்டோடு கிலுக்குகள் குலுங்கின. நடுவில் பெரியவர் ஒருவரின் குரல் செபம் போல எதையோ சொல்ல, பிள்ளைகள் பதில் சொன்னார்கள். மூன்றாம் தரம் கேட்டபோது அவருடைய முகத்திலிருந்த பகிடி மெல்ல இறங்கிப் போனது.

“இது நொவேனா, பிள்ளை.”

“என்னது?”

“ஒன்பது நாள் செபம். சொல்லு ஒண்டும் தெளிவில்லை, ஆனால் ‘நொவேனா’ எண்டுறது கேக்குது, குழந்தை இயேசு எண்டுறது கேக்குது. இது நத்தாருக்கு முந்தின ஒன்பது நாளும் சொல்லுறது. ஸ்பெயினில எங்களோட தக்காளி ஆய்ஞ்ச கொலம்பியாப் பெடியள் கிலுக்கை அடிச்சுக்கொண்டு இதே மாதிரித்தான் சொல்லுவாங்கள். சித்திரையில, தவக்காலத்தில, எந்தக் கத்தோலிக்கன் நத்தார்ப் பாட்டுப் படிப்பான்? இது மார்கழியில பேசினது.”

கீழே கடையில் யாரோ மரவள்ளிக் கிழங்குக்கு விலை கேட்டுச் சண்டை பிடிப்பது கேட்டது.

“அப்ப...” பஸ்தியாம்பிள்ளை விரல் விட்டு மாதங்களை எண்ணினார். “மார்கழியில பேசின பிள்ளையின்ர குரலைச் சித்திரையில ஆரோ அனுப்பியிருக்கினம். அப்ப பிள்ளை எங்க?”

“போன் ஆரின்ர கையில இருக்கோ, அவைக்குத் தெரியும்.”

“அந்தோனியாரே! குரல் இருக்கு, ஆள் இல்லை எண்டால் அது நல்ல சகுனமே?”

“உங்கட குருவியைப் பற்றி யோசியுங்கோ அண்ணை.” அபிதா ஜாக்கெட்டை எடுத்தாள். “ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில வந்த ஒண்டிலயும் குருவி இல்லை. பங்குனியில இருந்துதான் கூவுது. அதுவும் சொல்லி வைச்ச மாதிரி, ஒரே இடைவெளியில. அது றேடியோவுக்குப் பின்னால இல்லை, முன்னால இருக்கு. குருவி இருக்கிற இடத்திலதான் போன் இருக்கு.”

“உலகத்தில இருக்கிற குருவி எல்லாத்தையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரிக்கவோ?”

“முதல்ல அங்கிள் வீட்டுக்குப் போய் அன்ரியோட கதைப்பம். தாய்க்குத் தெரியாத சினேகிதம் இருக்காது.”

சபாரத்தினத்தின் வீடு நடந்துபோகிற தூரம்தான். ஆனாலும் பஸ்தியாம்பிள்ளை காரை எடுத்தார். மழை, முதுகு, மற்றது நடந்தால் யோசனை வரும். அந்தப் பிள்ளையை அவர் கண்டதில்லை. ஆனாலும் ‘சாப்பிட்டீங்களோ’ என்று அது கேட்ட விதம் காதை விட்டுப் போகவில்லை. அவரைப் பார்த்து அப்படிக் கேட்க அவருடைய மகனுக்கு நேரம் கிடைப்பதில்லை. காரில் றேடியோவைப் போட்டவர், போட்ட கையோடு நிற்பாட்டிவிட்டார்.

மூன்றாம் மாடி. கதவைத் திறந்தவர் மிதுஷாவின் தாய் ராசமலர். முதியோர் இல்லத்தில் வேலை செய்து களைத்த, மெலிந்த அம்மா. கண்ணிமை வீங்கியிருந்தது. “வாங்கோ, வாங்கோ. இவர் சொன்னவர். இருங்கோ, தேத்தண்ணி கொண்டு வாறன்” என்று முகத்தைப் பார்க்காமலே குசினிக்குத் திரும்பினார்.

“நாங்களும் குசினியிலயே இருக்கிறம் அன்ரி” என்று அபிதா பின்னாலேயே போனாள்.

சபாரத்தினம் குசினி மேசையில் இருந்தார். மனிதர் கைவேலைக்காரர் என்பது பார்த்த இடமெல்லாம் தெரிந்தது. குளிர்சாதனப் பெட்டியின் உடைந்த கைபிடிக்கு இரும்பில் ஒன்று செய்து போட்டிருந்தார். ஆடாத கதிரை, ஒழுகாத குழாய், கேத்தலுக்குப் புது மூடி. “எங்கட வீட்டில நான் திருத்தின சாமான் எல்லாம் குப்பைக்குத்தான் போறது” என்றார் பஸ்தியாம்பிள்ளை. சபாரத்தினம் மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்தார்.

“கீச்!”

பஸ்தியாம்பிள்ளை துள்ளி எழுந்து யன்னலைப் பார்த்தார். வெளியே மொட்டை மரம், மழை, சைக்கிள் கொட்டகை. குருவி எதுவும் இல்லை. யன்னலைத் திறக்கப் போன அவருடைய கைச்சட்டையை அபிதா மெல்ல இழுத்தாள். அவள் பார்வை முகட்டில் இருந்தது.

முகட்டில் புகைக்குக் கத்துகிற வெள்ளைப் பெட்டி. செத்தல் மிளகாய் தாளித்தால் ஊரைக் கூட்டும் என்று, எல்லாத் தமிழ் வீட்டிலும் போல, குளிக்கும்போது தலைக்குப் போடுகிற பிளாஸ்டிக் தொப்பியொன்றை அதற்கு மாட்டியிருந்தார்கள்.

“கீச்!” என்றது பெட்டி.

பொகோட்டாவில் கூவிய குருவி இந்த வீட்டுக் குசினியில் கூவுகிறது. அந்தச் செய்திகள் இந்த முகட்டுக்குக் கீழேதான் பதியப்பட்டிருக்கின்றன. அவர் வாயைத் திறந்தார். அபிதா மேசைக்கு அடியில் அவருடைய காலை மிதித்தாள்.

“அந்தச் சத்தம் என்ன அன்ரி?”

“அது பற்றறி முடிஞ்சு போச்சாம் பிள்ளை. மாத்துங்கோ மாத்துங்கோ எண்டு ஒரு மாசத்துக்கு மேலாச் சொல்லுறன். இந்த மனுசன் கேட்டால் எல்லோ! வீட்டில ஊசி முறிஞ்சாலும் ஒட்டுறவர், இதுக்கு மட்டும் இவருக்குக் கை வருகுதில்லை.”

“மாத்துவம், மாத்துவம்.” சபாரத்தினம் எழுந்தார். “கீழ பொது மெஷினில உடுப்புத் தோய்க்கப் போட்டனான். எடுத்துக்கொண்டு வாறன். நீங்கள் ஆறுதலாக் கதையுங்கோ.”

“இண்டைக்கு எங்கட முறை இல்லையே...” என்று ராசமலர் தொடங்குவதற்குள் வாசற்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

அபிதா ஒரு மிடறு தேத்தண்ணி குடித்தாள். பிறகு தன் போனை எடுத்து, ஒரு வார்த்தையும் பேசாமல், மிதுஷாவின் இலக்கத்தை அழுத்தி மேசையில் வைத்தாள்.

பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குக் கீழே, அரிசி வாளி உறுமியது.

வேறொரு நேரமென்றால் முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்த கதையைப் பஸ்தியாம்பிள்ளை எடுத்து விட்டிருப்பார். ராசமலர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். ஓடவில்லை, மறுக்கவில்லை. வாளியின் மூடியைத் திறந்து, அரிசிக்குள் முழங்கைவரை கையை விட்டு, நடுங்குகிற போனை எடுத்து அபிதாவின் முன்னால் வைத்துவிட்டு, அப்படியே தரையில் குந்திவிட்டார்.

“அன்ரி.” அபிதாவும் தரையில் இறங்கி உட்கார்ந்தாள். “மிதுஷா எங்க?”

அழுகைதான் வந்தது. பஸ்தியாம்பிள்ளை சுவரைப் பார்த்தார். மாதாவே, இந்த அம்மாவின் வாயிலிருந்து அந்தச் சொல் மட்டும் வரக்கூடாது என்று மனதுக்குள் மன்றாடினார்.

“தை மாசம் கொண்டுவந்தவங்கள், பிள்ளை. கொம்பனிக்காரர்தான், பிளேனில ஒரு நேர்சையும் கூட விட்டு... நத்தாருக்குப் பிறகு அவள் அங்க நித்திரையே கொள்ளேல்லையாம். றேடியோவில தன்னைப் பற்றித்தான் கதைக்கினம் எண்டிருக்கிறாள். பொகோட்டாவில கதைச்சவையாம், அந்த ஊரை விட்டு மற்ற ஊருக்குப் போனால் அங்கயும் கதைச்சவையாம். காலமை அந்தக் கீதம் போட்டவுடன, இண்டைக்கு என்னைப் பிடிக்கப் போகினம் எண்டு கட்டிலுக்குக் கீழ போயிருந்தாளாம். என்ர பிள்ளை. கணக்கில ஒரு நாளும் பிழை விடாத பிள்ளை.”

“இப்ப எங்க இருக்கிறா?”

“யூலண்டில. ஆஸ்பத்திரியில, மனநல வாட்டில. தங்கச்சிக்கு முழங்கால் ஒப்பரேசன், அவளைப் பாக்க ஹொல்ஸ்டெப்ரோ போறன் எண்டு இவருக்குச் சொல்லிப்போட்டுக் கிழமைக்குக் கிழமை அங்கதான் போறன்.”

உயிரோடு இருக்கிறாள். பஸ்தியாம்பிள்ளை சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“அங்கிளுக்கு ஏன் மறைச்சனீங்கள்?”

“புரட்டாதியில எல்லோ அவருக்கு நெஞ்சைப் பிளந்து ஒப்பரேசன் செய்தது. அதிர்ச்சி ஆகாது எண்டவை. மற்றது, விசர் எண்டு ஒரு சனம் சொன்னால் பிறகு ஊரே சொல்லும். நாளைக்கு அவள் சுகப்பட்டு வந்தாலும் அந்தப் பேர் போகுமே? அவளும் வந்த அண்டைக்கு என்ர கையைப் பிடிச்சு, அப்பாட்ட மட்டும் சொல்லாதேங்கோ எண்டு சத்தியம் வாங்கினவள். போனையும் என்னட்டத் தந்தவள். அதோட வாயை மூடினவள்தான்.”

“நீங்கள் இவ்வளவு நாளும் அனுப்பினது?”

“அவள் எனக்கெண்டு தனிய அனுப்பினது கனக்கக் கிடந்தது. இவர் நடக்கப் போற நேரம் என்ர போனில அதைப் போட்டு, அவளின்ர போனைக் கிட்டப் பிடிச்சுப் பதிஞ்சு குறூப்புக்கு அனுப்புவன். எல்லாத்திலயும் முன்னுக்கு ‘அம்மா’ எண்டு வரும். அதை விட்டிட்டு அடுத்த சொல்லில இருந்து பிடிப்பன்.” ராசமலர் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். “என்னில எங்க பிழை வந்தது, பிள்ளை?”

“மணிக்கூடு மாத்தினபிறகும் நீங்கள் பன்னிரண்டுக்கே அனுப்பினனீங்கள். பிறகு ஒண்டில நத்தார்ப் பாட்டுக் கேட்டது.”

“அது நத்தார்ப் பாட்டோ?” அந்த முகத்தில் ஒரு திகைப்பு. “எனக்கென்னண்டு தெரியும், பிள்ளை? சின்னப் பிள்ளையள் பாடினது வடிவாக் கிடந்தது. இவர் கேட்டால் சந்தோசப்படுவார் எண்டுதான் அனுப்பினனான்.”

பஸ்தியாம்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். அந்த நொவேனாவைக் கண்டுபிடித்ததில் காலையில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. அது இப்போது எங்கே போயிற்றோ தெரியவில்லை.

“பிறகு ஏன் நிப்பாட்டினனீங்கள்?” என்று கேட்டாள் அபிதா.

“முடிஞ்சு போச்சு. இருந்தது எல்லாம் அனுப்பி முடிஞ்சு போச்சு. மூண்டு மாசமா அவள் வாட்டில ஒரு சொல்லுக் கதைக்கேல்லை, நான் எதை அனுப்ப?” ராசமலர் நிமிர்ந்தார். “போன கிழமை கஞ்சி காய்ச்சிக்கொண்டு போனனான். கொஞ்சம் குடிச்சாள். குடிச்சிட்டு என்னைப் பாத்து, ‘அப்பா சாப்பிட்டாரோ?’ எண்டு கேட்டாள். அவ்வளவுதான். அதுக்கு நான் அழுத அழுகையில போனை எடுத்துப் பதியக்கூட வரேல்லை. இதை இவருக்கு எப்பிடிச் சொல்ல, பிள்ளை? நீயே சொல்லு. சொன்னால் அவரின்ர நெஞ்சு தாங்குமே? நீ ஏதாவது சொல்லிச் சமாளி. கொலம்பியாவில நல்லா இருக்கிறாள், வேலை கூட எண்டு சொல்லு. உன்ர காலைப் பிடிக்கிறன்.”

பொய்யர்களைப் பிடிப்பதுதான் அபிதாவுடைய தொழில். பிடிபட்ட பொய்யைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அவள் முழிப்பதைப் பஸ்தியாம்பிள்ளை அன்றைக்குத்தான் முதன்முதல் கண்டார்.

“கீச்!” என்றது முகடு.

“சமாளிக்கத் தேவையில்லை, ராசமலர்.”

குசினி வாசலில் சபாரத்தினம் நின்றார். கையில் உடுப்புக் கூடை இல்லை. சப்பாத்துக்கூடப் போட்டிருக்கவில்லை. அவர் கீழே போகவேயில்லை. கதவைச் சாத்துகிற மாதிரிச் சாத்திவிட்டு நடையிலேயே நின்றிருக்கிறார்.

ராசமலர் வாயைப் பொத்திக்கொண்டார்.

“அண்ணை, முதல்ல இருங்கோ.” பஸ்தியாம்பிள்ளை கதிரையை இழுத்துப் போட்டார். சபாரத்தினம் உட்காரவில்லை.

“எனக்கு அந்தச் சத்தம் முதல் நாளே கேட்டது, தம்பி. பங்குனியில. பிள்ளையின்ர மெசேஜைப் போட்டுக் கேக்கிறன், போனுக்குள்ள கீச் எண்டுது. முகட்டிலயும் கீச் எண்டுது. மெஷினோட சீவிச்சவன் நான். என்ர வீட்டுச் சத்தம் எனக்குத் தெரியாதே?”

“அதுக்குத்தான் பற்றறியை மாத்தேல்லையோ?” என்று அபிதா மெல்லக் கேட்டாள்.

“ஓம். ஒவ்வொரு நாளும் பாப்பன். இண்டைக்காவது அந்தச் சத்தம் இல்லாமல் ஒரு மெசேஜ் வராதோ, உண்மையாவே அங்க இருந்து வராதோ எண்டு.”

“அப்ப என்னட்டக் கேட்டிருக்கலாமே!” ராசமலர் கத்தினார். “ஒரே வீட்டில, ஒரே கட்டிலில படுத்துக்கொண்டு, ஏனப்பா என்னைக் கேக்கேல்லை?”

“கேட்டால் நீ பதில் சொல்லிப்போடுவாய் எல்லோ.”

அவருடைய குரல் அந்த இடத்தில் உடைந்தது. உடைந்ததை அவர் மறைக்கவில்லை.

“நீ கிழமைக்குக் கிழமை போயிட்டு, முகம் வீங்கி வாறாய். பிள்ளையின்ர பழைய குரலைக் குசினிக்குள்ள ஒளிச்சு வைச்சுப் போடுறாய். மூண்டு மாசமா அவள் என்னை ‘அப்பா’ எண்டு கூப்பிடேல்லை. நான் என்னத்தை நினைக்க? அவளை எங்கயோ எரிச்சுப்போட்டு, நெஞ்சு வருத்தக்காரன் எண்டு எனக்கு ஒளிக்கினம் எண்டுதான் நினைச்சன். உன்ர வாயால அதைக் கேக்க எனக்குத் தைரியம் இல்லை. வெளி ஆள் ஒண்டு கேட்டுச் சொல்லட்டும் எண்டுதான் இந்தப் பிள்ளையிட்டப் போனனான்.” அபிதாவின் பக்கம் திரும்பினார். “அவள் இருக்கிறாள், என்ன?”

“இருக்கிறா, அங்கிள்.”

“இருக்கிறாள்” என்று அவர் தனக்குத்தானே ஒருதரம் சொல்லிப் பார்த்தார். “வருத்தம்தானே. எனக்கு நெஞ்சில வந்தது, அவளுக்குத் தலையில வந்திருக்கு. நெஞ்சைத் திருத்தினவங்கள் தலையைத் திருத்த மாட்டாங்களோ? ஊர் சொன்னால் சொல்லட்டும். ஊரோ எனக்கு மத்தியானம் போன் எடுத்துச் சாப்பிட்டாயோ எண்டு கேட்டது?”

பிறகு சேட்டுப் பையில் கையை விட்டு ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். உறை பிரிக்காத புதுப் பற்றறி. கசங்கிய உறையைப் பார்த்தால் அது அந்தப் பையில் வெகுநாள் கிடந்தது தெரிந்தது. அவர் தானே செய்த ஆடாத கதிரையை முகட்டுக்கு நேராக இழுத்துப் போட்டு ஏறினார். பஸ்தியாம்பிள்ளை ஓடிப்போய் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டார். பிளாஸ்டிக் தொப்பி கழன்று கீழே விழுந்தது. பழையது வந்தது, புதியது போயிற்று.

எல்லாரும் முகட்டைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். யன்னலில் மழைதான் கேட்டது. கொஞ்சம் பொறுத்தும் மழைதான் கேட்டது.

சபாரத்தினம் இறங்கி, அடுப்படிக்குப் போய், ஒரு கோப்பையில் சோறு போட்டுப் பருப்பை ஊற்றினார். நின்றபடியே வேகவேகமாகப் பிசைந்து சாப்பிட்டார். கண்ணால் வழிந்தது சோற்றில் விழுந்தது. அதையும் சேர்த்துப் பிசைந்தார். ராசமலர் எழுந்து வந்து அவருடைய முதுகைத் தடவினார்.

“ஆறுதலாச் சாப்பிடுங்கோப்பா. விக்கப் போகுது.”

“கையைக் கழுவிட்டு வாறன், நீ ஜாக்கெட்டைப் போடு. தம்பி பஸ்தியாம்பிள்ளை, யூலண்ட் மட்டும் கார் ஓடுமோ?”

“பஸ் ஓட்டினவன் அண்ணை நான். பாலத்துக்கு அங்கால கொண்டுபோய் விடாமல் நிப்பாட்ட மாட்டன்.”

“அப்ப வெளிக்கிடுவம்” என்றார் சபாரத்தினம். “பிள்ளை கேட்டுக் கிழமையாகுது. சாப்பிட்டிட்டன் எண்டு போய்ச் சொல்லோணும்.”